‘ஓபன் பண்ணா…’: கோடம்பாக்கத்தில் வாய்ப்புத் தேடும் கலையும் அதன் செலவும்

“ஓபன் பண்ணா, ஒரு மலைப்பாதை சார். விடியக்காலம். ஒரே பனி. தூரத்துல ஒரு பஸ்ஸோட லைட்டு மட்டும் தெரியுது…”

தயாரிப்பாளர் முன்னால் கதை சொல்ல உட்காருகிற முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். ‘ஓபன் பண்ணா’ என்பது கோடம்பாக்கத்துப் பிள்ளையார் சுழி. அதன் பிறகு இரண்டு, இரண்டரை மணி நேரத்துக்கு அந்த மனிதர் கதாசிரியர் மட்டுமில்லை. நாயகன், வில்லன், நாயகியின் அப்பா, பின்னணி இசை, இடைவேளை எல்லாம் அவரே. சண்டை வந்தால் வாயாலேயே அடிக்க வேண்டும். சாவு வந்தால் குரல் உடைய வேண்டும். நடுவில் தயாரிப்பாளருக்கு போன் வரும். பேசி முடித்து வைத்துவிட்டு, “சொல்லுங்க தம்பி, அந்தப் பொண்ணு கிணத்துல விழுந்துருச்சா?” என்பார். இந்தக் கதையில் கிணறே கிடையாது. அது போன வாரம் வேறு யாரோ சொன்ன கதை. தம்பி முகம் மாறாமல் பஸ்ஸை மலைப்பாதையில் விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓட்டுவார்.

மேசைமேல் ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஸ்கிரிப்ட் இருக்கும். அதைப் புரட்டிப் பார்ப்பவர்கள் அபூர்வம். எழுதத் தெரிந்தவன் என்பதற்கு எழுத்தைவிட வாய்தான் இங்கே பெரிய சாட்சி.

திரைத்துறையில் நுழைவது எப்படி என்று சொல்லித்தர இன்று ஆள் பஞ்சமில்லை. ஷோரீல் எப்படி வெட்டுவது, ஆடிஷனுக்கு என்ன நிறச் சட்டை போடுவது, ஒன்லைனை எத்தனை வரியில் சொல்வது என்று வகுப்பே எடுக்கிறார்கள். எல்லாம் திறமையைக் காட்டுவது பற்றிய அறிவுரை. எனக்குக் கேள்வி வேறு. முன்பின் தெரியாத ஒருவனிடம் பணத்தை ஒப்படைக்கப் போகிறவருக்கு ஒரு பயம் இருக்கிறது, நியாயமான பயம். அதைப் போக்க வேண்டியது வாய்ப்புக் கேட்டு வந்தவனின் வேலை என்று இந்தத் தொழில் எப்போதோ முடிவுகட்டிவிட்டது. ஆல்பம், உதவி இயக்குநர் வேலை, குறும்படம், ரீல்ஸ் எல்லாமே அந்தப் பயத்துக்கான மருந்துகள். காலத்துக்குக் காலம் மருந்து மாறியிருக்கிறது. பில் கட்டுகிறவர் மாறவில்லை.

தன்னைத் தானே சொல்லிக்கொள்வதில் நமக்குக் கூச்சம் அதிகம் என்பார்கள். அந்தக் கூச்சத்துக்கு இலக்கணமே இருக்கிறது. பெரிய நூல் எழுதியவனாக இருந்தாலும் தன்னைப் புகழ்ந்துகொள்வது தகாது என்கிறது நன்னூல். அதனால்தான் நூலின் முகவுரையான பாயிரத்தை ஆசிரியரோ, உடன் படித்தவரோ, மாணாக்கரோ, உரைகாரரோ எழுத வேண்டும் என்கிறது. இன்று நாம் ‘ரெபரன்ஸ்’ என்று கேட்பது ஏறக்குறைய அந்தப் பட்டியலைத்தான். ஆனால் நன்னூல் எழுதிய பவணந்தியார் நடைமுறை தெரிந்தவர். நான்கு இடங்களில் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம் என்று விலக்குக் கொடுக்கிறார்: அரசனின் அவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றல் தெரியாதவர் நடுவில் இருக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்லும்போது, எதிராளி பழிக்கும்போது. கோடம்பாக்கத்தில் வாய்ப்புத் தேடுகிறவன் முதல் இரண்டு இடங்களிலேயே வருடக்கணக்காக நின்றுகொண்டிருக்கிறான். அவனுக்கு முழு அனுமதி உண்டு. அதற்கும் முந்தைய ஆற்றுப்படைகளைப் பாருங்கள்: பரிசில் வாங்கித் திரும்புகிற பாணன், எதிரே பசியோடு வருகிற பாணனுக்கு வள்ளலின் ஊரையும் வழியையும் சொல்லி அனுப்புகிறான். “சாலிகிராமத்துல ஒரு கம்பெனி போட்டிருக்காங்க, ஆள் எடுக்கிறாங்களாம், நான் சொன்னேன்னு சொல்லு” என்பதன் மூத்த வடிவம் அது.

வாசலில் காத்து நிற்பது தமிழ் சினிமா பிறந்த நாளிலிருந்தே இருந்ததில்லை. முதல் தலைமுறை நடிகர்கள் நாடகக் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள். எம்.ஜி.ஆர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் இருந்தார். சிவாஜி கணேசன் யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் குழுவில் சிறுவனாகச் சேர்ந்தவர். எந்தக் கம்பெனியில் வேஷம் கட்டினான் என்பதே ஒருவனுக்கான சான்றிதழ். சான்றிதழ் இருந்தும் உடனே கதவு திறந்துவிடவில்லை. 1936இல் ‘சதிலீலாவதி’யில் முகம் காட்டிய எம்.ஜி.ஆர்., 1947இல் ‘ராஜகுமாரி’யில்தான் கதாநாயகன் ஆனார். இடையில் 11 வருடம் சின்னச் சின்ன வேஷங்கள். 1946இல் அண்ணாவின் நாடகத்தில் நடித்துப் பெரியார் வாயால் ‘சிவாஜி’ என்று பெயர் வாங்கியவருக்கும், 1952இல் ‘பராசக்தி’க்காகத் தயாரிப்பாளர் பி.ஏ.பெருமாள் பிடிவாதமாக நிற்க வேண்டியிருந்தது. கணேசனின் திறமை மேடையில் ஊரறிந்தது. சினிமாவில் அதற்கு ஜாமீன் கையெழுத்துப் போட ஒருவர் தேவைப்பட்டார்.

ஸ்டுடியோக்கள் கோலோச்சிய காலத்தில் பலருக்கு மாதச் சம்பளம் இருந்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், ஜெமினி, ஏவி.எம். எல்லாம் ஆலைகளைப் போல நடந்தன. ஜெமினியில் கதைக்கென்று ஓர் இலாகாவே இருந்தது. கொத்தமங்கலம் சுப்பு அதில் இருந்தார். எழுத்தாளர் அசோகமித்திரன் அங்கே வேலைபார்த்த அனுபவத்தைப் பின்னால் எழுத்தில் பதிவு செய்தார். வாய்ப்புக் கேட்டு வருகிறவர்களைப் பார்க்கும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்து, பிறகு தானே திரைக்கு வந்தவர் ஜெமினி கணேசன். ஸ்டுடியோக்கள் தேய்ந்து, படத்துக்குப் படம் புதிதாக ஒரு ‘கம்பெனி’ ஆரம்பித்து, படம் முடிந்ததும் போர்டைக் கழற்றுகிற முறை வந்தபோது அந்தச் சம்பளம் போயிற்று. சம்பளம் போனதும் வாசல் வந்தது. வாசலில் நிற்க சென்னையில் ஓர் அறை வேண்டும், அறைக்கு வாடகை வேண்டும். கவிஞர் வாலியும் நாகேஷும் தி.நகரில் ஒன்றாக அல்லாடிய நாட்களை வாலியே பலமுறை சொல்லியிருக்கிறார். ஊருக்கே திரும்பிவிடலாம் என்று மூட்டை கட்டியவரை ‘சுமைதாங்கி’ படத்துக்குக் கண்ணதாசன் எழுதிய ஒரு பாட்டு நிறுத்திவைத்ததாம். அழகான கதை. மூட்டையைப் பிரிக்காமல் எழும்பூரில் ரயிலேறிவிட்டவர்களும் ஏதாவது பாட்டைக் கேட்டிருப்பார்கள். அவர்கள் கதையை நம்மிடம் சொல்ல யாரும் இல்லை. வாய்ப்புத் தேடலைப் பற்றி நமக்குக் கிடைக்கிற சாட்சியங்கள் எல்லாமே ஜெயித்தவர்களுடையவை என்பதை இந்தக் கட்டுரை முழுக்க நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விளம்பரம் ஒரு தனி வேலையாக இங்கே பிறந்ததும் இந்தக் காலத்தில்தான். 1958இல் ‘நாடோடி மன்னன்’ படத்தின் ஸ்டில்களைப் பத்திரிகைகளுக்குக் கொண்டுசேர்த்த பிலிம் நியூஸ் ஆனந்தன், தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. ஆனார். படம் எடுத்தவருக்கு அப்படி ஓர் ஆள் கிடைத்தார். படம் தேடுகிறவன் இன்றைக்கும் தனக்குத் தானே பி.ஆர்.ஓ.

இயக்குநர் ஆவதற்கு இருந்த பெரிய பாதை உதவி இயக்குநராகச் சேர்வது. அந்தப் பாதையின் பலத்தைக் காட்ட ஒரு சங்கிலி போதும். பாரதிராஜாவிடம் பாக்யராஜ், பாக்யராஜிடம் பார்த்திபன், பார்த்திபனின் ‘புதிய பாதை’யில் விக்ரமன், விக்ரமனின் ‘புது வசந்த’த்தில் கே.எஸ்.ரவிக்குமார், ரவிக்குமாரிடம் சேரன். 1977இல் வந்த ‘16 வயதினிலே’க்கும் 1997இல் வந்த ‘பாரதி கண்ணம்மா’வுக்கும் நடுவில் ஆறு கண்ணிகள். பாலுமகேந்திராவிடமிருந்து இன்னொரு கிளை: பாலா, வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி, பாடலாசிரியர் நா.முத்துக்குமாரும் அங்கிருந்தவர்தான். பாலாவிடமிருந்து அமீர், சசிகுமார். சங்கீதத்தில் பாணி சொல்வதைப் போல இவர்களுக்கும் குருபரம்பரை சொல்லலாம். தயாரிப்பாளர் பாணியை வாங்குவதில்லை. “இவர்கிட்ட மூணு படம் வேலை பார்த்தவன்” என்ற சொல்லை வாங்குகிறார். மூன்று படம் ஒருவரிடம் தாக்குப்பிடித்தவன் நடுவில் ஓடிவிட மாட்டான், ஷெட்யூல் தெரியும், நடிகரிடம் எப்படிப் பேசுவது என்று தெரியும். பயத்துக்கு மருந்து.

இந்த மருந்தைத் தயாரிக்க ஆகிற செலவை எனக்கு நேரடியாகத் தெரியும். இருபதுகளில் நானும் ஒரு கம்பெனியில் கடைசி அசிஸ்டென்டாக இருந்தேன். கடைசி அசிஸ்டென்ட் என்றால் கிளாப் அடிக்கிறவன். அதற்கு மேலே கண்டினியூட்டி எழுதுகிறவர், அதற்கு மேலே காஸ்ட்யூம் பார்க்கிறவர், பிறகு அசோசியேட், கோ-டைரக்டர். எனக்குக் கிளாப் அடிக்கிற பாக்கியம் கிடைக்கவில்லை, ஏனென்றால் படமே தொடங்கவில்லை. 14 மாதம் டிஸ்கஷன். வளசரவாக்கத்தில் ஒரு மாடிப் போர்ஷன், நடுவில் ஜமுக்காளம், ஓரத்தில் மாத்தி மாத்தி அடித்து எழுதிய குயர் நோட்டுகள். மதியம் கம்பெனிச் சாப்பாடு உண்டு. சாயங்காலம் டீயும் பஜ்ஜியும். சம்பளம் என்ற சொல்லை யாரும் எடுக்க மாட்டோம். எடுத்தால் ஆர்வம் குறைவானவன் என்று பேர் வந்துவிடும். ஊரில் அம்மா போனில் கேட்பார், “சாப்பாடெல்லாம் போடறாங்களாப்பா?” “போடறாங்கம்மா.” அதற்கு மேல் அவரும் கேட்க மாட்டார். என் வாடகையை அண்ணன் கட்டினார். அண்ணன் இல்லாத மூன்று பேர் நடுவிலேயே நின்றுபோனார்கள். எங்கள் ஐந்து பேரில் கதைக்கு மூளை அதிகம் உள்ளவன் அந்த மூன்று பேரில் ஒருவன்.

இதில் கெட்டவர் யாரும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எங்கள் இயக்குநரும் அதே ஜமுக்காளத்தில்தான் படுத்தார். அவரும் முந்தைய பத்து வருடம் இப்படியே இருந்து வந்தவர். “நான் பட்டேன், நீயும் படு” என்பது அந்த இடத்தில் கொடுமையாகத் தோன்றாது, சம்பிரதாயமாகத் தோன்றும். பெற்றோர் சேர்த்துவைத்த காசு, அண்ணன் சம்பளம், மனைவியின் வேலை இவைதான் தமிழ் சினிமாவின் கண்ணுக்குத் தெரியாத முதலீட்டாளர்கள். எந்த டைட்டில் கார்டிலும் அவர்கள் பெயர் வராது.

கதை சொல்லும் கலைக்கு மறுபடி வருகிறேன். வாயால் சொல்லிக் காட்டும் முறை அறிவற்றது என்று ஒரேயடியாகத் தள்ள எனக்கு மனமில்லை. நல்ல கதைசொல்லி எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வெட்டுவார், நீட்டுவார். எந்தக் காட்சியில் கண் சொக்குகிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். பஞ்சு அருணாசலத்திடம் மேசையில் தாளம் தட்டி மெட்டுகளைப் பாடிக் காட்டித்தான் இளையராஜாவுக்கு 1976இல் ‘அன்னக்கிளி’ கிடைத்தது. அதுவும் ஒரு வகை ‘ஓபன் பண்ணா’தான். ஆனால் இந்த முறைக்கு ஒரு பக்கச் சாய்வு இருக்கிறது. பேசத் தெரிந்தவன் எழுதத் தெரிந்தவனை முந்திவிடுகிறான். திக்குவாய்க்காரனுக்கும், கூச்ச சுபாவக்காரனுக்கும், ‘சார்’ போட்டுப் பேசினால் நாக்கு ஒட்டிக்கொள்கிற பெண்ணுக்கும் அந்த அறையில் பாதி மதிப்பெண் போய்விடுகிறது. இடைவேளைவரை நன்றாகச் சொல்ல வருகிற கதைகளே படமாகின்றன என்பது என் நெடுநாள் சந்தேகம். நம் படங்களின் இரண்டாம் பாதிகள் அப்படி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சொன்ன கதை யாருடையது என்ற கேள்வியும் இங்கேதான் முளைக்கிறது. வாயால் சொன்னதற்குச் சாட்சி காற்றுதான். தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் கதையைப் பதிவு செய்துவிட்டுச் சொல்லப் போங்கள் என்பது மூத்தவர்கள் தருகிற முதல் அறிவுரை. அதன் மதிப்பு 2018இல் ‘சர்கார்’ வெளியாவதற்கு முன் தெரிந்தது. 2007இல் ஓர் உதவி இயக்குநர் பதிவு செய்திருந்த கதையோடு ஒற்றுமை இருப்பதாகச் சங்கத் தலைவராக இருந்த கே.பாக்யராஜ் சொன்னார். படத்தரப்பு மறுத்தது. விவகாரம் நீதிமன்றம் போய், கடைசியில் அந்த உதவி இயக்குநருக்குத் திரையில் நன்றி சொல்லச் சம்மதித்து முடிந்தது. 11 வருடத்துக்கு முன் போட்ட ஒரு முத்திரைதான் அவருக்குப் பேசியது.

நடிக்க வந்தவர்களின் கதை கொஞ்சம் வேறு. அவர்களுக்கு நோட்டுக்குப் பதில் ஆல்பம். நேர் பார்வை ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, சிரித்து ஒன்று, கோபமாக ஒன்று, வேட்டியில் ஒன்று, கோட்டில் ஒன்று. வடபழனிப் பக்கத்து ஸ்டுடியோக்காரர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். கோட்டு அவர்களிடமே வாடகைக்குக் கிடைக்கும். ஒரே கோட்டில் பல பேருடைய ஆல்பம் அந்த வருடம் எல்லாக் கம்பெனி மேசைகளிலும் கிடக்கும். கோட்டின் சிபாரிசில் யாருக்காவது வாய்ப்பு வந்ததாக நான் கேள்விப்படவில்லை. வேறு வழிகளில் வந்தவர்களைத் தெரியும். ந.முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறையிலிருந்து பசுபதி, குரு சோமசுந்தரம், விமல், விதார்த் வந்தார்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதுகிறவராக இருந்து நடிப்பவர்களை அருகிலிருந்து பார்த்தவர். சின்னத்திரை இன்னொரு படிக்கட்டு: ‘லொள்ளு சபா’விலிருந்து சந்தானம், ‘கலக்கப் போவது யாரு’விலிருந்து சிவகார்த்திகேயன். இவர்கள் யாரும் நான் நடிப்பேன் என்று சொல்லிக்கொண்டு திரியவில்லை. வாரா வாரம் நடித்துக்கொண்டிருந்தார்கள், பார்க்க வேண்டியவர் கண்ணில் ஒருநாள் பட்டது. ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இசை போன்ற கைவேலைத் துறைகளில் இது எப்போதுமே சற்று எளிது, ஏனென்றால் செய்த வேலையைத் தனியே எடுத்துக் காட்டலாம். விளம்பரப் பாட்டுகள் போட்டுக்கொண்டிருந்த ஏ.ஆர்.ரஹ்மானின் ஒரு காபி விளம்பரம் மணிரத்னத்தின் காதில் விழ, 1992இல் ‘ரோஜா’ வந்தது.

இயக்குநர்களுக்கு மட்டும் அந்த வசதி இல்லாமல் இருந்தது. படம் எடுக்கத் தெரியும் என்று காட்ட ஒரு படம் எடுக்க வேண்டும். படம் எடுக்கப் பணம் வேண்டும். பணம் கேட்டால் படம் எடுத்துக் காட்டு என்பார்கள். இந்த வளையத்தை முதலில் உடைத்தவர்கள் திரைப்படக் கல்லூரிக்காரர்கள். 1986இல் ‘ஊமை விழிகள்’ வந்தபோது கல்லூரியில் படித்தவனுக்கும் படம் வரும் என்று ஊர் நம்பியது. உதவி இயக்குநராகவே இருக்காமல், மேலாண்மை படித்துவிட்டு நேராகக் கதையோடு இறங்கி 1983இல் கன்னடத்தில் முதல் படம் செய்த மணிரத்னத்தையும் இங்கே சேர்க்கலாம். இரண்டும் விதிவிலக்குகள்.

விதியே மாறியது 2008க்குப் பிறகு. அந்த வருடம் வந்த கேனன் 5டி மார்க் 2, புகைப்படக் கேமராவாகத் தோளில் தொங்கிக்கொண்டே சினிமாபோலத் தெரிகிற வீடியோவையும் எடுத்தது. பிலிம் ரோல் வாங்கிக் கழுவிப் பிரிண்ட் போடுகிற செலவு ஒரே அடியில் போயிற்று. யூடியூப் ஏற்கெனவே இருந்தது. கலைஞர் தொலைக்காட்சியில் ‘நாளைய இயக்குநர்’ தொடங்கியது. குறும்படம் எடுத்து வாருங்கள், நடுவர்கள் பார்ப்பார்கள், நாடு பார்க்கும். அங்கிருந்து வந்தவர்கள் பட்டியலை மறுபடி படித்துப் பார்த்தால் இப்போதும் வியப்பாக இருக்கிறது: கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன், அல்போன்ஸ் புத்ரன், எஸ்.யு.அருண்குமார், ஆர்.ரவிக்குமார். ஐ.டி. வேலையிலிருந்து வந்தவர்களும் இதில் உண்டு, யாரிடமும் கிளாப் அடிக்காதவர்களும் உண்டு. சி.வி.குமார் என்ற புதிய தயாரிப்பாளர் 2012இல் ‘அட்டகத்தி’, ‘பீட்சா’ என்று இரண்டு, அடுத்த வருடம் ‘சூது கவ்வும்’ என்று அறிமுக இயக்குநர்களை வரிசையாக இறக்கினார். ‘அட்டகத்தி’ எடுத்த பா.ரஞ்சித் ஓவியக் கல்லூரியில் படித்து, உதவி இயக்குநராகவும் இருந்தவர். மற்ற இருவரும் குறும்படக்காரர்கள். கார்த்திக் சுப்புராஜ் பிறகு தானே ‘பெஞ்ச் டாக்கீஸ்’, ‘அவியல்’ என்று குறும்படத் தொகுப்புகளைத் தியேட்டருக்குக் கொண்டுவந்தார். ‘அவிய’லில் ஒரு பகுதி செய்தவர் வங்கி வேலையிலிருந்த லோகேஷ் கனகராஜ், மறு வருடம் ‘மாநகரம்’.

அந்த நாலைந்து வருடம் ஒரு பொற்காலம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. சொல்வதற்குப் பதில் காட்டலாம் என்று ஆனது. பத்து நிமிடப் படத்தை பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் தயாரிப்பாளர் காரில் போகும்போது பார்த்துவிடுவார். வாய்ப்பேச்சு வராதவனுக்கும் வழி பிறந்தது. ஆனாலும் செலவு எங்கே போயிற்று என்று பார்த்தால், அது வாடகையிலிருந்து கேமரா வாடகைக்கு இடம் மாறியிருந்தது. ஐ.டி. சம்பளம் உள்ளவன் சனி ஞாயிறில் எடுத்தான். சம்பளம் இல்லாதவன் தங்கையின் நகையை வைத்து எடுத்தான். நடித்தவர்கள், லைட் பிடித்தவர்கள், எடிட் செய்தவர்கள் எல்லோரும் நட்புக்காக வந்தவர்கள், அதாவது இலவசமாக. ஒரு கட்டத்தில் குறும்படங்களுக்கே டீசர், போஸ்டர், பிரிவியூ, நன்றி அறிவிப்புக் கூட்டம் என்று ஆரம்பித்தார்கள். விசிட்டிங் கார்டு அச்சடிக்கப் போய் கல்யாணப் பத்திரிகை அச்சடித்த கதை.

இப்போது பத்து நிமிடம்கூட நீளம். 2022இல் ‘லவ் டுடே’ ஓடியதும், பிரதீப் ரங்கநாதன் முன்பு எடுத்த ‘ஆப்(பா) லாக்’ என்ற குறும்படத்திலிருந்து அது வளர்ந்தது என்று எல்லோரும் பேசினார்கள். அதைக் கேட்டுக் குறும்படம் எடுக்கப் போனவர்களைவிட, அவரைப்போல நாமே நடித்து ரீல்ஸ் போட்டுவிடலாம் என்று போனவர்கள் அதிகம் என்று நினைக்கிறேன். காஸ்டிங் பார்க்கிறவர்கள் வாட்ஸ்அப்பில் ‘செல்ஃப் டேப்’ கேட்கிறார்கள். கூடவே ஒரு கேள்வி: “ஐடி அனுப்புங்க, ஃபாலோயர்ஸ் எவ்ளோ?” இதைக் கேட்கிறவரை நான் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் மேலே ஒருவர் கேட்பார். ஆனால் ஃபாலோயர்ஸ் எண்ணிக்கை எதைச் சொல்கிறது? 30 நொடி ஒருவரால் கவனத்தைப் பிடித்துவைக்க முடியும் என்பதை. மூன்றாவது டேக்கிலும் அதே இடத்தில் அழ முடியுமா என்பதை அல்ல. பழைய வாசலில் நின்றவனுக்கு மாலை ஆறு மணிக்குக் கம்பெனி பூட்டினால் அறைக்குத் திரும்பலாம். இந்த வாசல் பூட்டுவதே இல்லை. நாள்தோறும் ஒன்று போட வேண்டும், போட்டதற்கு வந்த பதிலுக்குப் பதில் சொல்ல வேண்டும். தேடுவதே முழு நேர வேலையாகிவிட்ட பிறகு, எந்த வேலைக்காகத் தேடத் தொடங்கினோமோ அதைப் பழக நேரம் எங்கிருந்து வரும்?

புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் என்ற புலவர், அதியமான் தன்னைப் பார்க்காமலே கொடுத்தனுப்பிய பரிசை வாங்க மறுக்கிறார். கண்டு, மதித்துக் கொடுத்தால் தினையளவே போதும் என்கிறார். அனுப்பிய செல்ஃப் டேப்புக்கு நீலக் குறி விழுந்து மூன்று வாரம் ஆகியும் பதில் வராதவர்களுக்கு அந்தக் கோபம் புரியும்.

பெண்களுக்கு இந்தச் செலவுக் கணக்கில் இன்னொரு பத்தி உண்டு. வாடகைக்கு அறை கிடைப்பதிலிருந்து அது ஆரம்பிக்கிறது. இரவு இரண்டு மணிக்கு டிஸ்கஷன் முடிந்தால் ஆண்கள் அதே ஜமுக்காளத்தில் சாய்ந்துகொள்வார்கள். அவள் ஆட்டோ பிடிக்க வேண்டும். மணிரத்னத்திடம் வருடக்கணக்கில் பணியாற்றிய சுதா கொங்கராவின் முதல் தமிழ்ப் படம் 2010இல் வந்தது. ‘இறுதிச்சுற்று’ பேர் வாங்கித் தந்தது 2016இல். நடிக்க வருகிறவர்களுக்கு இதைவிட மோசம். கேரள அரசு 2017இல் அமைத்த நீதிபதி ஹேமா குழு 2019 இறுதியில் கொடுத்த அறிக்கை, 2024 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. ‘அட்ஜஸ்ட்மென்ட்’, ‘காம்ப்ரமைஸ்’ என்ற இரண்டு சொற்கள் அந்தத் தொழிலில் எவ்வளவு சகஜமாகப் புழங்குகின்றன என்று அது எழுதியது. அது மலையாளத் திரையுலகைப் பற்றியது என்று சொல்லி நாம் நழுவ முடியாது. அந்தச் சொற்கள் பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கமும் அதே பொருளில்தான் வழங்குகின்றன. எழுத்து ஒப்பந்தம் இல்லாத இடத்தில் வாய்ப்பு என்பது ஒருவர் மனதின் தயவாக இருக்கிறது. தயவு இருக்கிற இடத்தில் விலை கேட்கப்படுகிறது. அறிக்கை ஒப்பந்தத்தைப் பற்றியும், கழிப்பறை இல்லாததைப் பற்றியும் விரிவாகப் பேசுவது அதனால்தான். நமது பேச்சுகள் பரபரப்பான பெயர்களோடு நின்றுபோகின்றன.

ஆடிஷனுக்குப் பணம் கட்டச் சொல்கிறவன் ஏமாற்றுக்காரன் என்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிடலாம். இருந்தும் ஏமாறுகிறார்கள். ஏமாறுவதற்குப் புத்திக்குறைவு காரணமில்லை. நேர்மையான கம்பெனியும் மறைமுகமாக அவர்களிடமிருந்து செலவை வாங்கிப் பழக்கியிருக்கிறது. நேராகக் கேட்கிறவன் அவர்களுக்கு வித்தியாசமாகத் தெரிவதில்லை.

சங்கங்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் நேராக்கியிருக்கலாம். தொழிலாளர்களின் பேட்டாவுக்கும் வேலை நேரத்துக்கும் போராடிய பரம்பரை, திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான பெப்சிக்கு உண்டு. நிமாய் கோஷ், எம்.பி.சீனிவாசன் போன்ற கலைஞர்களே இங்கே தொழிற்சங்கத்தைக் கட்டியவர்கள். கார்டு உள்ளவனுக்கு அது இன்றும் பாதுகாப்பு. கார்டு வாங்கப் பெரிய தொகை கட்ட வேண்டும், யாராவது பரிந்துரைக்க வேண்டும், வேலை செய்த சான்று வேண்டும். வாசலுக்கு உள்ளே வந்தவனுக்குக் குடை. வாசலில் நிற்பவன் நனைகிறான். டிஸ்கஷனில் உட்கார்ந்தவனுக்கு இவ்வளவு, கதை சொல்ல அழைத்தால் போக்குவரத்துக்கு இவ்வளவு, மூன்றாவது முறை ஆடிஷனுக்குக் கூப்பிட்டால் ஒருநாள் பேட்டா என்று ஒரு விதி எழுத எந்தச் சங்கத்துக்கும் தடையில்லை. தொகை சின்னதாகவே இருக்கட்டும். காசு கொடுக்க வேண்டியிருந்தால் 14 மாத டிஸ்கஷன் நாலு மாதத்தில் முடிந்துவிடும் என்பது என் அனுபவக் கணிப்பு. கதைக்கும் அதுதான் நல்லது.

எங்கள் ஐந்து பேரில் நடுவில் நின்றுபோன அந்த மூளைக்காரன் இப்போது மதுரையில் கல்யாண வீடியோ எடுக்கிறான். இரண்டு கேமரா, ஒரு டிரோன், கீழே ஆறு பையன்கள். போன வைகாசியில் அவன் ஆபீசுக்குப் போயிருந்தேன். சுவரில் ஆர்டர் நோட்டு, மூலையில் லைட் ஸ்டாண்டுகள், ஒரு ஹார்டு டிஸ்கில் எங்கள் பழைய கதை. அப்போது தேனிப் பக்கத்துப் பையன் ஒருவன் உள்ளே வந்தான். போனில் தான் எடுத்த நாலு நிமிட வீடியோவைக் காட்டினான். நண்பன் இரண்டு முறை பார்த்தான், ஓரிடத்தில் நிறுத்தி, “இந்த ஷாட்டுக்கு எங்க நின்ன?” என்று கேட்டான். மாட்டுக்கொட்டகைக் கூரைமேல் என்றான் பையன். நண்பன் சிரித்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டான்.

“ஒரு நாளைக்கு எவ்ளோ எதிர்பார்க்கிற தம்பி?”

பையனுக்குப் பதில் வரவில்லை. “நீங்க குடுக்கிறது சார்” என்றான். நண்பன் ஆர்டர் நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் ஒரு தொகையை எழுதி, நோட்டைத் திருப்பி அவன் பக்கம் வைத்தான்.